நீலப்புகை விடும் புல்வெட்டி: என்ஜினைப் பிரிப்பதா, விட்டுவிடுவதா?

கேள்வி: எங்கள் வீட்டுப் புல்வெட்டிக்கு 12 வயது. பின்னால் நடந்து தள்ளும் ரகம். ஒற்றை சிலிண்டர், 4 ஸ்ட்ரோக், ஓ.எச்.வி. (வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கும்) என்ஜின். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். போன வருடத்திலிருந்து நீலமாகப் புகைவிடுகிறது. இரண்டு தடவை புல் வெட்டுவதற்குள் அளவுக் குச்சியில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. அடர்ந்த புல்லில் திணறுகிறது. சூடான பிறகு நிறுத்தினால், அரை மணி நேரம் ஆறினால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. வந்து பார்த்த மெக்கானிக், "ரிங் போச்சு, போரும் தேய்ஞ்சிருக்கும். இதுக்குச் செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிடுங்க" என்றார். பிரித்துப் பார்க்காமலே சொன்னார். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும்; என்ஜின் பிரித்துப் பழக்கமில்லை. இதற்கு என்ஜின் வேலை செய்வது சரியா, விட்டுவிடுவது சரியா?

பதில்: வணக்கம். அந்த மெக்கானிக் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்ததை வெளியே நின்று பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருக்கும் நான்கு அறிகுறிகளும் ரிங் தேய்ந்த என்ஜினில் வரக்கூடியவைதான். அதே நான்கும், ரிங் நன்றாக இருக்கும் என்ஜினில் ஒரு ஹெட் கேஸ்கட்டாலும் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) இரண்டு வால்வுகளாலும் வரும். முதல் வகை என்றால் பெரிய வேலை. இரண்டாவது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எது என்று தெரியாமல் பிரிப்பதும் தவறு, தூக்கிப் போடுவதும் தவறு.

வயதை முதலில் தள்ளி வையுங்கள். என்ஜினுக்கு வருடக் கணக்கு பெரிதில்லை, ஓடிய மணிக்கணக்குதான் முக்கியம். வாரம் ஒரு மணி நேரம், புல் வளரும் ஆறு மாதங்கள் மட்டும் ஓட்டினீர்கள் என்றால் வருடத்துக்கு 25 மணி நேரம், 12 வருடத்துக்கு 300 மணி நேரம். அமெரிக்க விதிப்படி விற்கப்படும் சிறிய என்ஜின்களில் ஒட்டியிருக்கும் உமிழ்வுச் சீட்டில் 125, 250 அல்லது 500 மணி நேரம் என்று ஒரு எண் இருக்கும். அத்தனை மணி நேரம் ஓடும்வரை புகை அளவு வரம்புக்குள் இருக்கும் என்பதற்கான எண் அது, என்ஜினின் ஆயுள் இல்லை. ஆயில் ஒழுங்காக மாற்றி, ஏர் ஃபில்டர் சரியாக உட்கார்ந்திருந்த என்ஜின் அதைத் தாண்டியும் நன்றாக ஓடும். ஃபில்டர் இல்லாமல் காய்ந்த மண்ணில் ஓட்டிய என்ஜின் ஒரே பருவத்தில் தேய்ந்துவிடும். ஆகவே உங்கள் என்ஜினின் வரலாறு உங்களுக்குத்தான் தெரியும். ஃபில்டர் உடைந்து, அப்படியே ஓடிய காலம் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி பார்க்க வேண்டியவற்றுக்கு வருவோம். எதைத் தொடுவதற்கு முன்னும் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

ஆயில் அளவு மேல்கோட்டுக்கு மேல் இருந்தால் அதுவே நீலப்புகை விடும். புல்வெட்டியைச் சாய்க்கும்போது கார்புரேட்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்கும் சிலிண்டருக்கும் போய், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் புகைமூட்டமாக இருக்கும். உங்கள் விஷயத்தில் ஒரு வருடமாகத் தொடர்ந்து வருகிறது என்பதால் இவை இரண்டும் காரணமாக இருக்காது. ஆனாலும் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது ஆயிலில் நனைந்திருந்தால், கிராங்க் கேஸில் (ஆயில் இருக்கும் அடிப்பெட்டி) அழுத்தம் ஏறி, பிரீதர் (அந்தப் பெட்டியின் காற்றுப்போக்கி) வழியாக ஆயில் வெளியே தள்ளப்படுகிறது. பிரீதரில் ஒரு மெல்லிய தகடு வால்வு இருக்கும். அது அழுக்கில் சிக்கிக்கொண்டாலே இப்படி ஆகும். கழற்றிச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும்.

பிரீதர் நன்றாக இருந்தும் ஃபில்டர் நனைகிறது என்றால் அடுத்த சந்தேகம் ஹெட் கேஸ்கட் மேல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். ஓ.எச்.வி. என்ஜினில் வால்வைத் தள்ளும் புஷ்ராடுகள் கிராங்க் கேஸிலிருந்து ஹெட் வரைக்கும் ஒரு குழி வழியாக ஏறிப் போகும். அந்தக் குழிக்கும் எரியும் அறைக்கும் நடுவே கேஸ்கட்டின் ஒரு குறுகிய பட்டைதான் தடுப்பு. குளிர்விக்கும் துடுப்புகளில் புல் அடைத்துக்கொண்டு என்ஜின் சூடேறும்போது பெரும்பாலும் முதலில் கருகுவது அந்தப் பட்டைதான். அது போனதும், எரியும் வாயு நேராகக் கிராங்க் கேஸுக்குள் பாய்கிறது, அழுத்தம் ஏறுகிறது, ஆயில் பிரீதர் வழியாக கார்புரேட்டருக்குப் போய் எரிகிறது. நீலப்புகை, ஆயில் குறைவு, சக்தி இல்லாமை என்று எல்லாமே ரிங் போனது மாதிரியே இருக்கும். வேலைக்கு வந்த புதிதில் நானே இப்படி ஒரு என்ஜினை முழுக்கப் பிரித்து, ரிங் மாற்றி, பழைய ஹெட் கேஸ்கட் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று அதையே திரும்பப் போட்டேன். அடுத்த மாதமே அதே புகையோடு திரும்பி வந்தது. வண்டிக்காரரின் பணத்தையும் நேரத்தையும் வீணாக்கிவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. ரிங்கில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

அடுத்தது வால்வு இடைவெளி, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி. சூடானால் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கு இரண்டு காரணங்களைத்தான் நான் முதலில் நினைப்பேன். ஒன்று, சூட்டில் இக்னிஷன் காயில் செத்துப்போவது. நின்றுபோன அந்த நிமிடத்தில் ஸ்பார்க் டெஸ்டர் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, வால்வு தன் இருக்கையில் தேய்ந்து மேலேறி, இடைவெளி இல்லாமல் போவது. சூட்டில் தண்டு நீண்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) வராது. ஆறினால் சரியாகிவிடும். வால்வு மூடியைத் திறந்து, என்ஜின் முழுதாக ஆறிய நிலையில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து பாருங்கள். இந்த அளவு என்ஜின்களில் இன்லெட்டுக்கு 0.10 முதல் 0.15 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.15 முதல் 0.20 மி.மீ. என்பது வழக்கமான அளவு. சரியான எண் உங்கள் மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

கம்ப்ரஷன் கேஜ் வாங்கலாமா என்று யோசிப்பீர்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் என்ஜினில் அதை அதிகம் நம்பாதீர்கள். கை வலிக்காமல் இழுப்பதற்காக, மெதுவாகச் சுற்றும்போது ஒரு வால்வைச் சற்றே திறந்து வைக்கும் ஏற்பாடு கேம் ஷாஃப்டிலேயே உண்டு. அதனால் நல்ல என்ஜினிலும் கேஜ் குறைவாகக் காட்டும்.

உண்மையைச் சொல்வது காற்றுச் சோதனை. பிளேடை முதலில் கழற்றிவிடுங்கள், இதில் சமரசமே கிடையாது. வால்வுகள் இரண்டும் மூடியிருக்க, பிஸ்டன் மேலே உச்சிக்கு வந்த நிலையில், பிளக் துளையில் பொருந்தும் குழாய் வழியாக 2 முதல் 3 பார் காற்று செலுத்த வேண்டும். 64 மி.மீ. பிஸ்டன் மேல் 3 பார் காற்று என்பது ஏறத்தாழ 100 கிலோ எடை ஏறி உட்கார்ந்த மாதிரி. பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் கிராங்க் (பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு) சடாரென்று சுற்றும். அதனால் ஃபிளைவீல் நட்டில் நீளமான ஸ்பானர் போட்டு இன்னொருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும், காற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். பிறகு காதைக் கொடுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. ஹெட் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வந்தால் கேஸ்கட். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், அல்லது நான் மேலே சொன்ன அந்தக் கேஸ்கட் பட்டை.

கடைசியில் சொன்ன அந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை நாலைந்து முறை இழுத்து, சோதனையை மறுபடி செய்யுங்கள். சீறல் கணிசமாகக் குறைந்தால் ரிங்தான். ஆயில் அந்த இடைவெளியை அடைத்துவிடும். மாற்றமே இல்லை என்றால் ஹெட்டைக் கழற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: உங்கள் என்ஜினில் சிலிண்டர் படுத்த வாக்கில் இருப்பதால் ஆயில் கீழ்ப்பக்கத்தில் மட்டும் தேங்கும். அதனால் இந்த இரண்டாவது சோதனையை முழு ஆதாரமாக எடுக்காதீர்கள், ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டைக் கழற்றுவது எப்படியும் லாபம்தான். ஒரு கேஸ்கட் செலவில் போரைக் கண்ணால் பார்த்துவிடலாம். கேஸ்கட்டில் கருகிய தடம் இருந்தால் புதியது போட்டு, ஹெட்டைக் கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, வால்வுகளைப் பேஸ்ட் வைத்து அரைத்து, டார்க் ரெஞ்சால் முறைப்படி இறுக்கி ஓட்டிப் பாருங்கள். உங்கள் கடிதத்தை வைத்து நான் பந்தயம் கட்ட வேண்டும் என்றால் இதில்தான் கட்டுவேன். சூட்டில் ஸ்டார்ட் ஆகாததும் ஆயில் குறைவதும் சேர்ந்து வருவதால், வால்வும் கேஸ்கட்டும் இரண்டுமே சேர்ந்து போயிருக்கும் என்று தோன்றுகிறது.

சரி, கேஸ்கட் நன்றாக இருக்கிறது, சீறல் ரிங் பக்கம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கேட்க வேண்டியது ரிங்கைப் பற்றி இல்லை, போரைப் பற்றி. ரிங் மாற்றக்கூடிய பொருள். போர் நீள்வட்டமாகவோ மேல்பக்கம் அகன்றோ தேய்ந்திருந்தால், எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும் அது ஒட்டி நிற்காது. பலர் ரிங் மட்டும் மாற்றி, மூன்று மாதத்தில் மறுபடி புகை பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் ஒரு காந்தத்தைப் போரின் உள்சுவரில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்கிறது, அது வேலை தாங்கும். ஒட்டாவிட்டால் வெறும் அலுமினியப் போர். தேய்ந்த அலுமினியப் போரைச் சரிசெய்வது வீட்டு என்ஜினுக்குக் கட்டுப்படியாவது அரிது. அடுத்து, ரிங் நிற்கும் உச்சிக்குச் சற்று மேலே நகத்தால் வருடுங்கள். படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு தட்டுப்படுகிறதா? நீளவாக்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் உண்டா? இருந்தால் போர் போய்விட்டது. குறுக்கும் நெடுக்குமாக ஹோனிங் கோடுகள் (கல் வைத்துத் தேய்த்த கோடுகள்) இன்னும் தெரிந்தால் அது நல்ல செய்தி.

மைக்ரோமீட்டர் இருந்தால் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசையில், ஆறு அளவு எடுங்கள். இல்லாவிட்டால் ரிங்கையே அளவுகோலாக்கலாம். இதற்குப் பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டும். பிஸ்டனிலிருந்து எடுத்த மேல் ரிங்கைப் போரின் அடியில், ரிங் ஒருபோதும் உரசாத இடத்தில், பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி வைத்து, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, அதிகம் தேயும் இடத்தில் வைத்து அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால், போர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது வந்துவிடும். வித்தியாசம் 0.25 மி.மீ. என்றால் போர் 0.08 மி.மீ. அகன்றிருக்கிறது.

அந்த 0.08-ஐச் சும்மா எடுக்கவில்லை. என்ஜின் தயாரிக்கும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் தன் பழைய சர்வீஸ் புத்தகங்களில் போர் 0.003 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.08 மி.மீ. தாண்டினால் மறுபடி போர் செய்யச் (கடைந்து அகலப்படுத்தச்) சொல்கிறது. ஹோண்டா தாராளமாக விடுகிறது. அதன் ஜிஎக்ஸ்160 என்ஜினில் 68.000 மி.மீ. போருக்கு 68.165 வரை அனுமதி. ஆகவே உங்கள் மாடலுக்கு என்ன எண் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வரம்புக்குள் இருந்தால் ரிங் செட், கேஸ்கட் செட், ஆயில் சீல், இவ்வளவுதான். தயங்காமல் செய்யுங்கள், முதன்முதலாக என்ஜின் பிரிப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வரம்பு தாண்டினால் ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய) பிஸ்டன் கிடைக்குமா என்று, எதையும் லேத்துக்குக் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இப்போதைய வீட்டு என்ஜின்கள் பலவற்றுக்கு அது வருவதே இல்லை.

போர் நன்றாக இருந்தும் என்ஜினை விட்டுவிட வைக்கும் பாகம் ஒன்று உண்டு, கிராங்க். புல்வெட்டியின் பிளேடு நேராகக் கிராங்கில் மாட்டியிருப்பதால், கல்லிலோ மரவேரிலோ ஒரு அடி பட்டால் அது வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒருவர் கயிற்றை மெல்ல இழுக்க, பிளேடு இல்லாத தண்டின் அடி மையத்தை எட்ட நின்று கவனியுங்கள். மையம் ஒரே புள்ளியில் நிற்காமல் வட்டம் போட்டால் கிராங்க் வளைந்திருக்கிறது. அதை அடித்து நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நிமிர்த்திய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு நாள் அது முறிந்தால் பிளேடு யார் காலில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க நான் யாருக்கும் ஆலோசனை சொன்னதில்லை.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் பாருங்கள். இந்த என்ஜின்கள் பெரும்பாலானவற்றில் தனி பேரிங் கிடையாது. அலுமினிய ராடே கிராங்க் பின் மேல் நேராகச் சுற்றுகிறது, ஆயிலோ உள்ளே சிதறித்தான் அங்கே போய்ச் சேருகிறது. உங்கள் என்ஜின் ஒரு வருடமாக ஆயில் குறைந்து குறைந்து ஓடியிருப்பதால் எனக்கு இதில் கவலை உண்டு. பின் மேல் அலுமினியம் அப்பியிருந்தால், அல்லது ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது தட்டினால், ராடும் சேர்ந்து மாற்ற வேண்டும், பின்னையும் அளக்க வேண்டும். செலவு அங்கேதான் ஏறத் தொடங்கும்.

என் கணக்கு இதுதான். எல்லா உதிரிபாகமும் லேத் கூலியும் சேர்ந்து, அதே அளவு புது என்ஜினின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன். உங்கள் உழைப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், கற்றுக்கொள்ளும் ஆசையில் செய்கிறீர்கள். புது என்ஜின் மாற்றுவதானால் தண்டின் விட்டம், நீளம், சாவிப் பள்ளம், போல்ட் துளைகளின் இடம் நான்கும் பொருந்த வேண்டும். அதற்கும் முன்னால் பிளேடைச் சுற்றியுள்ள இரும்புத் தட்டை அடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அது துளைத்துக்கொண்டு போகும் அளவுக்குத் துரு ஏறியிருந்தால், பழைய என்ஜினோ புது என்ஜினோ எதையும் அதில் பூட்டாதீர்கள்.

ரிங் போடும் முடிவுக்கு வந்தால் இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். ராடு மூடியைக் கழற்றும் முன் எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்று குறித்துப் படம் எடுத்துவிடுங்கள். திருப்பிப் போட்டால் முதல் மணி நேரத்திலேயே ராடு போய்விடும். இரும்புப் போரை ஹோன் செய்தால், அதற்கப்புறம் பெட்ரோலில் கழுவாதீர்கள். பெட்ரோல் எண்ணெய்ப்பிசுக்கைத்தான் எடுக்கும், கல்தூள் அப்படியே சுவரில் தங்கிவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், உடனே ஆயில் தடவுங்கள். ஓட்டத் தொடங்கியதும் வெறுமனே ஐடிலில் மணிக்கணக்காக விடாமல் மிதமான புல்லை வெட்டுங்கள். சுமை இருந்தால்தான் ரிங் போரில் அமரும். முதல் ஐந்து மணி நேரத்தில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

தேய்ந்தது எதனால் என்று கண்டுபிடிக்காமல் மூடிவிடாதீர்கள். மேல் ரிங்கும் இன்லெட் வால்வுத் தண்டும் அதிகம் தேய்ந்திருந்தால் தூசு ஃபில்டர் வழியாக வந்திருக்கிறது. ஃபில்டர் பெட்டியின் விளிம்பும் கார்புரேட்டர் கேஸ்கட்டும் பாருங்கள். கீழே உள்ள ஆயில் ரிங் அதிகம் தேய்ந்திருந்தால் ஆயிலே அழுக்காக இருந்திருக்கிறது.

முதலில் வால்வு இடைவெளியும் காற்றுச் சோதனையும் மட்டும் செய்யுங்கள், ஹெட்டை அதற்கு அப்புறம் திறக்கலாம். சீறல் எந்த வாயில் கேட்டது, இரண்டு வால்வு இடைவெளியும் எவ்வளவு, என்ஜின் மேல் பொறித்திருக்கும் மாடல் எண் என்ன என்று எழுதி அனுப்புங்கள். ஹெட்டைத் திறந்துவிட்டால் பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, அதன் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.